மலையடிவார வீட்டின் கீழறைக்கு வயரிங் திட்டமிட்டது: ஒரு நிகழ்வு ஆய்வு

வேலூரில் பாகாயத்தைத் தாண்டிய மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு வீட்டின் நிலத்தடி அறைக்கு 2024 கோடையில் வயரிங் திட்டமிட்டோம். அந்தத் திட்டம் எப்படி உருவானது, முதலில் போட்ட வரைபடத்தை ஏன் கைவிட்டோம், செய்த வேலை அதே ஆண்டு வடகிழக்குப் பருவமழையில் எப்படித் தாங்கியது என்பதைத் தொழிலில் இருப்பவர்களுக்கும் வீடு கட்டுகிறவர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் விரிவாகப் பதிவு செய்கிறேன்.

அறை 24 அடி நீளம், 16 அடி அகலம், 9 அடி உயரம் கொண்டது. மூன்று சுவர்கள் முழுவதும் மண்ணுக்குள் இருக்கின்றன. நான்காவது சுவரில் மேல் மூன்று அடி மட்டும் வெளியே தெரிவதால், அங்கே இரண்டு சிறு சன்னல்கள் வைத்திருந்தார்கள். தரைமட்டம் எல்லாப் பக்கமும் நிலத்துக்குக் கீழேயே இருப்பதால், உள்ளே சேரும் தண்ணீர் தானாக வெளியேற வழியில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை, அவருடைய கணவர், மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள் என ஆறு பேர் வாழும் வீடு அது. மருமகள் ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், மண்ணுக்குள் இருக்கும் அறை எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்பதை அந்தக் குடும்பம் அறிந்திருந்தது. வெறும் சிமெண்டுப் பூச்சோடு கிடந்த அறையைத் தையல் வேலைக்கும் பிள்ளைகள் படிப்பதற்கும் ஏற்றபடி முழுமையாக முடிக்க விரும்பினார்கள்.

முதல் நாளே சொல்லால் ஒரு குழப்பம் வந்தது. நம் பக்கத்து மேஸ்திரிகளிடம் ‘பேஸ்மென்ட்’ என்றால், தரையிலிருந்து வீட்டை உயர்த்திக் கட்டும் பேஸ்மட்டம். ‘சம்ப்’ என்றால் குடிநீரைச் சேர்த்துவைக்கும் தொட்டி. கட்டட வரைபடத்தில் ‘பேஸ்மென்ட் சம்ப் மோட்டார்’ என்று எழுதியிருந்ததைப் படித்த எலக்ட்ரீஷியன், குடிநீரை மாடித் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, அதை மற்றவற்றோடேயே சேர்த்துவிட்டார். அவர் மேல் குற்றமில்லை, இங்கே அந்தச் சொற்களுக்குப் பொருள் அதுதான். அன்றிலிருந்து நாங்கள் எல்லாத் தாள்களிலும் ‘கீழறை’, ‘வடிகுழி’ என்றே எழுதினோம். வடிகுழி என்பது அறையின் மூலையில் தரைக்குக் கீழே வெட்டிய இரண்டடிச் சதுரக் குழி. சுவர் ஓரமாகக் கசியும் நீர் அதில் வந்து சேரும், அதில் இறக்கிய அரை எச்பி நீர்மூழ்கி மோட்டார் அதை வெளியே தள்ளும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இந்த மலையடிவாரங்களில் நாலைந்து அடி தோண்டினாலே பாறை வந்துவிடுகிறது. மழைநீர் மேல்மண்ணில் இறங்கி, பாறையைத் தொட்டதும் கீழே போக இடமில்லாமல், பாறையின் முதுகிலேயே சரிவை நோக்கி நழுவி வருகிறது. வழியில் ஒரு சுவர் குறுக்கிட்டால் அதன் பின்னால் தேங்கி அழுத்துகிறது. ‘நீரில்லா ஆறு’ என்று பாலாற்றைச் சொல்லிச் சொல்லிப் பழகிய ஊர் என்பதால், நிலத்தடி நீர் கட்டடத்துக்குத் தொல்லை தரும் என்ற எண்ணமே நம்மில் பலருக்கு வருவதில்லை. அதே பாலாறு 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்த்த பிறகும் அந்த எண்ணம் பெரிதாக மாறவில்லை. இந்த வீட்டில் 2023 மழைக்காலத்தில் கீழறைத் தரையில் அரை அடி தண்ணீர் நின்றிருக்கிறது. சுவரில் அதன் கறை, நான் போனபோதும் தெளிவாகத் தெரிந்தது.

முதல் வரைபடம்

எலக்ட்ரீஷியன் போட்டிருந்த வரைபடம் வழக்கமான மேல்மாடி அறைக்கு எந்தக் குறையும் இல்லாதது. கீழறைக்கென மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் ஒரு டிபி பாக்ஸ், அதில் மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று, அதன் கீழே விளக்கு, பிளக், ஏசி, மோட்டார் என நான்கு எம்சிபிகள் (அளவு மீறி மின்னோட்டம் போனால் துண்டிப்பவை). டிபி பாக்ஸ் கீழறையிலேயே படிக்கட்டின் அடியில். பிளக் பாயிண்டுகள் தரையிலிருந்து ஓரடி உயரத்தில். பைப்புகள் எல்லாம் சுவரைக் காடி வெட்டிப் புதைப்பதாக இருந்தது.

இதை மழைநாளில் வைத்துப் பார்த்தபோதுதான் குறை தெரிந்தது. தண்ணீர் ஏறுகிறது, ஓரடி உயரத்தில் இருக்கும் ஏதோ ஒரு பிளக்குக்குள் ஈரம் புகுகிறது, கசிவு மின்னோட்டம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் ஆர்சிசிபி விழுகிறது, அதாவது மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது. உயிரைக் காப்பாற்றும் கருவி தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது. ஆனால் அதே நொடியில் விளக்கும் அணைகிறது, தண்ணீரை இறைக்க வேண்டிய மோட்டாரும் நிற்கிறது. திரும்பப் போடுவதற்கு ஒருவர் இருட்டில், படியிறங்கி, தண்ணீருக்குள் கால் வைத்து டிபி பாக்ஸ் வரை போக வேண்டும். ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே ஒழுங்கானதுதான். சேர்ந்து நிற்கும்போது, ஆபத்து நேரும் நேரத்தில் ஆபத்தை நோக்கி ஆளை இழுக்கும் அமைப்பாகிவிடுகிறது.

மேல்தளங்களில் நாம் சுற்றுகளை (டிபி பாக்ஸிலிருந்து தனித்தனியாகப் பிரியும் மின்வழிகளை) அறைவாரியாகவோ சுமைவாரியாகவோ பிரித்துப் பழகியிருக்கிறோம். கீழறையில் அந்தப் பழக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு சாதனத்தையும் பார்த்து ‘இது அணைந்தால் என்ன ஆகும்?’ என்று கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இஸ்திரிப் பெட்டி அணைந்தால் வேலை கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். படிக்கட்டு விளக்கு அணைந்தால் ஒருவர் விழுவார். வடிகுழி மோட்டார் அணைந்தால் அறையே மூழ்கும். இந்த மூன்றையும் ஒரே கருவியின் கீழ் வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

நான் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது, அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியை அம்மா ஒரு கேள்வி கேட்டார்: “மழை வந்தாலே கரண்ட்ட நிறுத்திடறாங்க தம்பி. அப்போ அந்த மோட்டார் எதுல ஓடும்?” அன்று வரை என் தாளில் மோட்டார் தனிச் சுற்றாகத்தான் இருந்தது, இன்வெர்ட்டரில் இல்லை. பெருமழையும் மின்தடையும் சேர்ந்தே வரும் என்பது இந்த ஊரில் வாழ்கிற எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. அதைத் திட்டத்தின் முதல் வரியாக வைக்க அவர்தான் சொல்லித்தந்தார்.

சுற்றுகளைப் பிரித்தது

வீட்டுக்கு ஏற்கெனவே மூன்று பேஸ் இணைப்பு இருந்தது. ஒரே சுவிட்ச் போர்டுக்குள் இரண்டு பேஸ்கள் சந்தித்து 400 வோல்ட் வேறுபாடு உருவாவதைத் தவிர்க்க, கீழறை முழுவதையும் ஒரே பேஸில் வைத்தோம். டிபி பாக்ஸை மேல்தளத்தில், படிக்கட்டுத் தொடங்கும் இடத்தில், நின்றபடி கை எட்டும் உயரத்துக்கு மாற்றினோம். பொது ஆர்சிசிபி என்ற ஒன்றை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனி ஆர்சிபிஓ வைத்தோம். ஆர்சிபிஓ என்பது எம்சிபியின் வேலையையும் கசிவுப் பாதுகாப்பையும் ஒரே உடலில் செய்யும் கருவி. விலை கூடுதல்தான், ஆனால் ஒரு சுற்றில் நேரும் கோளாறு மற்றொன்றைத் தொடாது. மீட்டர் பக்கம் மெயினில் 100 மில்லி ஆம்பியர், சற்றுத் தாமதித்து விழும் எஸ் வகைக் கருவியை வைத்ததால், கீழே ஒரு 30 மில்லி ஆம்பியர் கருவி விழ வேண்டிய நேரத்தில் மெயின் முந்திக்கொண்டு முழு வீட்டையும் இருட்டாக்காது.

இறுதியில் ஐந்து சுற்றுகள் அமைந்தன. முதலாவது வடிகுழி மோட்டார் மட்டும்: 2.5 ஸ்கொயர் எம்எம் கம்பி, 10 ஆம்பியர், சி வகை. அரை எச்பி மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 3.5 ஆம்பியர்தான் எடுக்கும், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும் என்பதால், குறைந்த இழுப்பிலேயே விழும் பி வகையை விட்டு, கூடுதலாகத் தாங்கும் சி வகையை வைத்தோம். இரண்டாவது சுற்றில் படிக்கட்டு விளக்கு, அறையின் நடுவே ஒரு விளக்கு, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் ஆகியவை 6 ஆம்பியரில் வந்தன. இவ்விரண்டும் இன்வெர்ட்டரில். மற்ற விளக்குகளும் மின்விசிறிகளும் மூன்றாவது. தையல் இயந்திரங்களும் இஸ்திரிப் பெட்டியும் 2.5 ஸ்கொயர் எம்எம் கம்பியில் 16 ஆம்பியரோடு நான்காவது. ஒன்றரை டன் ஏசி 4 ஸ்கொயர் எம்எம் கம்பியில் 20 ஆம்பியரோடு ஐந்தாவது. படிக்கட்டு விளக்குக்கு மேலும் கீழும் டூ வே சுவிட்ச் வைத்தோம்.

இன்வெர்ட்டர் விஷயத்தில் கணக்கு மட்டும் போதாது என்பதை அங்கே கண்டோம். வீட்டில் இருந்த 900 விஏ இன்வெர்ட்டர், மோட்டார் ஓடுவதற்குத் தேவையான ஏறக்குறைய 600 வாட்டைத் தரும் திறனுடையதுதான். ஆனால் மோட்டார் கிளம்பிய நொடியிலேயே ஓவர்லோடு என்று காட்டி நின்றுவிட்டது. மூன்று முறை முயன்றும் அதே கதை. 2 கேவிஏ, சைன் வேவ் வகையைக் கொண்டுவந்து, வாங்குவதற்கு முன்பே அதே மோட்டாரை இணைத்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் முடிவு செய்தோம். 12 வோல்ட், 150 ஆம்பியர் அவர் பேட்டரிகள் இரண்டு. தாளில் 3600 வாட் அவர். அதில் பாதிதான் கைக்கு வரும் என்று வைத்துக்கொண்டாலும் மோட்டார் தொடர்ந்து மூன்று மணி நேரம் ஓடும். உண்மையில் அது தொடர்ந்து ஓடுவதில்லை. குழி நிரம்பும்போது மூன்று நான்கு நிமிடம் ஓடி நிற்கும் என்பதால் ஓர் இரவு முழுவதற்கும் தாராளம். இன்வெர்ட்டரையும் பேட்டரிகளையும் மேல்தளத்தில் காற்றோட்டமான இடத்தில் வைத்தோம். சார்ஜ் ஆகும்போது லெட் ஆசிட் பேட்டரி ஹைட்ரஜனை வெளியிடுகிறது, கீழறை அதற்கு ஏற்ற இடமே இல்லை. இதோடு இன்னொன்றையும் வீட்டாரிடம் வலியுறுத்திச் சொன்னேன்: காற்றைவிடக் கனமான சமையல் எரிவாயு தாழ்ந்த இடத்தில் தேங்கும் என்பதால், காலி சிலிண்டரைக்கூடக் கீழே இறக்கிவைக்கக் கூடாது.

நியூட்ரல் கம்பி

இந்தப் பகுதியில் சற்று நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் ஆர்சிசிபி வைத்த பல வீடுகளில் ‘சும்மா சும்மா விழுகிறது’ என்று சொல்லி அதையே கழற்றிப் போட்டுவிட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கருவியில் குறையிருக்காது, நியூட்ரல் கலந்திருக்கும்.

ஆர்சிசிபியும் ஆர்சிபிஓவும் செய்வது ஒரே கணக்குத்தான்: பேஸில் போன மின்னோட்டம் நியூட்ரலில் முழுவதும் திரும்பி வந்ததா என்று ஒப்பிடுகின்றன. பழைய பழக்கப்படி எல்லா நியூட்ரல்களையும் ஒரே பட்டையில் சேர்த்தால், ஒரு சுற்றில் போன மின்னோட்டம் வேறொரு சுற்றின் வழியாகத் திரும்பும். எந்தக் கசிவும் இல்லாமலே கருவி விழும். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் இது இன்னும் சிக்கலாகிறது. இன்வெர்ட்டரின் பேஸ் மட்டும் தனியாக வந்து, நியூட்ரலைப் பக்கத்துச் சுவிட்ச் போர்டிலிருந்து கடன் வாங்கியிருப்பார்கள். கரண்ட் இல்லாதபோது எல்லாம் ஒழுங்காக ஓடும், கரண்ட் வந்தவுடன் விழும். காரணம் புரியாமல் வீட்டுக்காரர் ஆர்சிசிபியை வைவார்.

இந்த வேலையிலும் அப்படி ஒன்று நடந்தது. வேலை முடிந்த மறுநாள், படிக்கட்டின் மேல் சுவிட்சைப் போட்டால் இரண்டாவது சுற்று விழுந்தது. கீழ் சுவிட்சைப் போட்டாலும் விழுந்தது. அதே சுற்றின் எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் ஒழுங்காக ஓடியது. தேடிப் பார்த்ததில், படிக்கட்டு விளக்குக்கு நீளம் குறைந்த நியூட்ரலை மாற்றாமல், மேல்தள ஹால் விளக்கின் நியூட்ரலோடு முறுக்கி இணைத்திருந்தார்கள். ஐந்தடிக் கம்பியை மிச்சம் பிடிக்கப் போய் அரை நாள் போயிற்று. அதன் பிறகு ஐந்து சுற்றுகளின் நியூட்ரலுக்கும் 1 முதல் 5 வரை எண் வளையம் மாட்டினோம். டிபி பாக்ஸ் கதவின் உள்பக்கம், எந்தச் சுற்று எதற்கு என்று தமிழில் எழுதி ஒட்டினோம்.

எர்த்தும் சுவரும்

பாறை நிலத்தின் இன்னொரு தொல்லை எர்த்திங். ஏற்கெனவே பதித்திருந்த 3 மீட்டர் குழாய் எர்த்தை மே மாதத்தில் அளந்தபோது அதன் தடை 78 ஓம் காட்டியது. அப்படியானால் பேஸ் கம்பி நேரடியாக ஓர் இரும்புப் பெட்டியைத் தொட்டாலும், 230 வோல்ட்டுக்கு எர்த் வழியே 3 ஆம்பியர்கூடப் போகாது. 16 ஆம்பியர் பி வகை எம்சிபி உடனே விழ வேண்டுமென்றால் 48 முதல் 80 ஆம்பியர் வரை வேண்டும். அதாவது எம்சிபி விழாது, பெட்டி உயிரோடு நிற்கும், தொடுகிறவருக்கு அடிக்கும். ‘நல்ல எம்சிபி போட்டிருக்கிறோம், எதற்கு ஆர்சிசிபி?’ என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஒரு கணக்கைத்தான் நான் காட்டுவது. ஆறு மீட்டர் தள்ளி இன்னொரு குழாயைப் பதித்து இரண்டையும் இணைத்தபோது 41 ஓமுக்கு இறங்கியது. எம்சிபிக்கு அதுவும் போதாது. ஆனால் 30 மில்லி ஆம்பியர் கருவிக்கு அது மிகையாகவே போதும்: அந்தக் கசிவில் பெட்டியின் உடலில் எழும் மின்னழுத்தம் 1.2 வோல்ட்டைத்தான் எட்டும்.

கருவியில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை அழுத்தி, விழுந்துவிட்டது என்று திருப்திப்பட்டுவிடக் கூடாது. அந்தப் பொத்தான் கருவியின் உள்வேலையை மட்டும்தான் சோதிக்கிறது, எர்த் இருக்கிறதா என்பதை அது சொல்வதில்லை. எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அந்தப் பொத்தான் வேலை செய்யும். ஆகவே ஒவ்வொரு பிளக்கிலும் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே சோதனைக் கருவியை வைத்துப் பார்த்தோம். முதல் இரண்டு சுற்றுகளை, மெயினை அணைத்து இன்வெர்ட்டரில் ஓடும்போதும் ஒருமுறை தனியாகச் சோதித்தோம்.

சுவர் பற்றி மேஸ்திரிக்கும் எனக்கும் சிறிது வாக்குவாதம் நடந்தது. மண்ணைத் தாங்கும் சுவரில் நீர்க்காப்புப் பூச்சு முடிந்திருந்தது. பைப்பைப் புதைக்க அதைக் காடி வெட்டினால் பூச்சு கிழியும், பிறகு அந்தப் பைப்பே நீர் இறங்கும் வாய்க்காலாகிவிடும். அழகுக்காக, சுவருக்குள் மறைக்கும் கன்சீல்டு வயரிங்தான் வேண்டும் என்று வீட்டார் விரும்பினார்கள். கடைசியில் மண்பக்க மூன்று சுவர்களிலும் எந்தப் பெட்டியும் வைப்பதில்லை என்றும், அறையைப் பிரிக்கும் நடுச்சுவரிலும் சன்னல் சுவரிலும் மட்டும் பிளக்குகள் என்றும் முடிவாயிற்று. கம்பிகள் எல்லாம் மேல்கூரை வழியாக வந்து மேலிருந்து கீழாக இறங்கும். தரையில் ஒரு பைப்பும் கிடையாது. பிளக்குகள் தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் வந்தன. 2023-இன் அரை அடிக் கறைக்கு மேலே அது நல்ல தூரம்; தையல் மேசைக்கும் அந்த உயரமே வசதி என்று மருமகள் சொன்னது எங்களுக்குக் கிடைத்த கூடுதல் நன்மை. மேல்தளத்திலிருந்து கம்பி இறங்கும் துளைகளைச் சாய்வாகத் துளைத்து, வேலை முடிந்ததும் அடைத்தோம்.

குழியில் நீர் ஏறும்போது மிதந்து மோட்டாரை ஓடவிடும் ஃப்ளோட் சுவிட்ச் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கு, மாடித் தொட்டி நிரம்பினால் பேசும் பேட்டரி அலாரம் ஒன்றை வாங்கி, அதன் உணர்கம்பியை வடிகுழியில் மோட்டார் ஓடத் தொடங்கும் மட்டத்துக்கு நாலு விரற்கடை மேலே பொருத்தினோம். வீட்டு மின்சாரத்தை நம்பாத ஒரு காவல் அது.

மழையில் நடந்தது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் உள்மாவட்டங்களில் கொட்டிய மழை இந்தத் தெருவையும் விடவில்லை. விடியற்காலையில் நின்ற மின்சாரம் பதினொரு மணி நேரம் கழித்தே வந்தது. அந்த நேரத்தில் வடிகுழி மோட்டார் எத்தனை மணிக்கு ஓடியது, எத்தனை நிமிடம் ஓடியது என்பதை ஆசிரியை அம்மா ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்: மொத்தம் 14 முறை, ஒரு முறையும் நான்கு நிமிடத்தைத் தாண்டவில்லை. தரை நனையவில்லை. மின்சாரம் திரும்பியதும் நான்காவது சுற்று மட்டும் விழுந்து, திரும்பப் போட்டால் மீண்டும் விழுந்தது. சன்னலைச் சரியாகச் சாத்தாமல் விட்டதால் சாரல் அடித்து, சன்னலுக்குக் கீழே இருந்த இஸ்திரிப் பெட்டியின் பிளக்குக்குள் ஈரம் புகுந்திருந்தது. அன்று மோட்டாரும் படிக்கட்டு விளக்கும் அதே கருவியின் கீழ் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை முதல் வரைபடம் போட்ட எலக்ட்ரீஷியனே என்னிடம் சொன்னார்.

ஜனவரியில், கம்பிகளின் காப்புத் தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கரால் எல்லாச் சுற்றுகளையும் அளந்தோம். நான்கு சுற்றுகள் 50 மெகா ஓமுக்கு மேல் இருந்தன. நான்காவது 3 மெகா ஓம் மட்டுமே காட்டியது. விதிப்படி குறைந்த அளவான 1 மெகா ஓமுக்கு அது மேலேதான் என்றாலும், மற்றவற்றோடு ஒப்பிட்டால் நோயுற்ற எண். சன்னலுக்குக் கீழிருந்த அந்தப் பிளக்கை நடுச்சுவருக்கு மாற்றி, பழைய பெட்டிக்கு வந்த கம்பியை முழுவதுமாக உருவி எடுத்த பிறகு அளந்தபோது, அதுவும் மற்றவற்றுக்கு இணையாக வந்துவிட்டது.

நாங்கள் எண்ணிப் பார்க்காத ஒன்று வடிகுழியில் இருந்தது. தையல் மேசையிலிருந்து விழும் நூல் துணுக்குகள் கூட்டும்போது குழிக்குள் போய், ஃப்ளோட் சுவிட்சின் கம்பியைச் சுற்றிக்கொண்டு அதன் அசைவைக் குறைத்திருந்தன. குழியின் மேல் கொசுவலைக் கம்பியில் ஒரு மூடி செய்து போட்டோம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்தும் நாளில், குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி மோட்டார் இன்வெர்ட்டரில் கிளம்புகிறதா என்று பார்ப்பதும், அந்த மூடியைக் கழற்றி நூலை எடுப்பதும் இப்போது அந்த வீட்டில் மருமகளின் பொறுப்பு. தேதியும் நிமிடமும் அதே நோட்டில்தான் ஏறுகின்றன.